நீர்த்துறைக் காப்பு

புதுச்சேரி நகருக்கு மேற்கே வில்லியனூரும் தெற்கே பாகூரும் அமைந்துள்ளன. இரண்டும் கொம்யூன்களின் தலையூர்கள். 'கொம்யூன்' என்பது பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற சொல். அவர்தம் ஆட்சி 1954ஆம் ஆண்டில் நம் கைக்கு மாறிய பின்னரும், 1973ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற பஞ்சாயத்துச் சட்டத்தில் அச்சொல் நிலைபெற்றுவிட்டது. வில்லியனூர்ப் பகுதியில் ஊசுட்டேரியும் சங்கராபரணி ஆறும் உள்ளன. பாகூரில் பேரேரி ஒன்றுண்டு. தென்பெண்ணையின் நீரைப் பங்காரு வாய்க்கால் அதற்குக் கொணர்கின்றது. ஏரி, குளம், தாங்கல், வாய்க்கால் என எப்பக்கம் திரும்பினும் நீர். இந்நீரின் நடுவே பிறந்து வளரும் சிறுவர் பலர்க்கு இன்று நீந்தத் தெரியவில்லை என்பது வியப்பும் வருத்தமும் ஒருங்கே தருவதாகும்.

நீர்விளையாட்டு தமிழர்க்குப் புதிதன்று. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதிய புலவர், தாம் சிறுவராயிருந்தபோது மருதமரக் கிளையேறி மடுவிற் பாய்ந்து, அடியிலுள்ள மணலை அள்ளி வந்து காட்டியதைப் புறநானூற்றில் நினைந்து இரங்குகின்றார். நெடுநாள் வாழ்ந்து, கோலூன்றி நடக்கும் பருவத்தில் அவர் அவ்வாறு இரங்க முடிந்தது. ஆட்டனத்திக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆடலில் வல்ல அவனைக் காவிரி வௌவிக்கொண்டது. ஆதிமந்தி ஆற்றின் கரைநெடுகக் கணவனைத் தேடி அரற்றியதைச் சங்கப் புலவர் மறவாது பாடிவைத்தனர். நீரின் இன்பமும் கொடுமையும் நம் முன்னோர்க்கு ஒருசேரத் தெரிந்தே இருந்தன.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிற் குளத்தைப் போன்ற திருக்குளம் ஒன்றன் படிகளை நோக்குங்கள். படிக்குப் படி ஆழம் சிறிது சிறிதாக மிகும். முழங்கால் அளவில் ஒரு படி, இடுப்பளவில் ஒரு படி எனக் காலே ஆழத்தை அளந்து சொல்லிவிடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழிக்குக் கல்லில் எழுதிய உரை அது. நகரத்து நீச்சற்குளத்தின் சுவரில் ஆழத்தை எண்களால் எழுதிவைப்பதும் இதன்பொருட்டே. பாசி படிந்த படியில் வழுக்கி விழுவோரும் உளர். ஆதலின் படியைத் தேய்த்துக் கழுவுதலும் காப்புப் பணியேயாம்.

நகரங்களின் நீச்சற்குளங்களுக்கு விதிகள் பல. ஆழங்காட்டும் குறி, சுற்று வேலி, காவலர், உயிர்மிதவை ஆகியன அவற்றுட் சில. பிரான்சு நாட்டில் 2003ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. நிலத்துட் பதித்த தனியார் நீச்சற்குளம் ஒவ்வொன்றுக்கும் வேலியேனும், மூடியேனும், மேற்கூடேனும், எச்சரிக்கை மணியேனும் இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. குழந்தைகள் பலர் வீட்டுக் குளங்களில் மூழ்கி இறந்ததே அதற்குக் காரணம். அமெரிக்க நாட்டிலோ 2007ஆம் ஆண்டில், குளத்தின் அடியிலுள்ள நீர்போக்கு வாய்க்குத் தகுந்த மூடி இடுமாறு சட்டம் செய்தனர். நீரிறைக்கும் பொறியின் இழுவிசை அவ்வாயருகே செல்லும் சிறுவரைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை.

அந்த வாய் நமக்குப் புதியதா? நம் ஏரியின் மதகு அதுவே. மதகு திறந்திருக்கும்போதும் ஏரியின் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றும். அடியிலோ நீர் விரைந்து உட்புகும். பத்தடி ஆழத்தில் ஒரு சதுர அடி அகலமுள்ள வாயை ஒருவன் உடல் அடைத்துக்கொள்ளுமாயின், ஏறத்தாழ 280 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசை அவனை அங்கே அழுத்தி நிற்கும். மல்லனும் அதனின்று மீளான். மதகினருகே மூழ்கி விளையாடலாகாது என்று பெரியோர் அதட்டியதன் பொருள் இது. காரணம் சொல்லாமல் அதட்டியதனாலே நாங்கள் அந்நாளில் அதனைப் பொருட்படுத்தவில்லை.

கலிங்கும் படுகை அணையும் வேறு வகையான இடர் தருவன. அணையின்மேல் வழிந்து விழும் நீர், கீழே மடங்கி அணையை நோக்கியே திரும்பிச் சுழலும். அச்சுழலில் அகப்பட்டவனை அது மேலும் கீழுமாய்ப் புரட்டும், முன்னே செல்லவிடாது. விழும் நீர் நிலத்தைத் தோண்டியும்விடும். ஆதலின் அணைக்கு மேற்பக்கம் முழங்காலளவு நீர் இருப்பினும் கீழ்ப்பக்கம் ஆளை விழுங்கும் மடு இருத்தல் கூடும். செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் இடையே சங்கராபரணியின் குறுக்கே நின்ற பழைய படுகை அணை 2021ஆம் ஆண்டு வெள்ளத்தில் உடைந்தது. கல்லையே பெயர்க்கும் விசையின்முன் சிறுவன் கால் எம்மாத்திரம்?

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிவன. தெரியாத இடர் மணற்குழி. கோடையில் ஆற்று மணலை வாரிச் செல்வோர் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட குழிகளை விட்டுச் செல்கின்றனர். மழைநீர் வந்து நிரம்பியதும் ஆறு முழுதும் ஒரே மட்டமாய்த் தோன்றும். கணுக்கால் நீரில் நடந்து செல்பவன் அடுத்த அடியில் காணாமற் போவான். மேலேற முயன்று கரையைப் பற்றினால், ஈரமணல் கையோடு சரிந்து வரும்.

யான் ஆசிரியனாயிருந்த சிற்றூரில் ஒரு கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை இத்தகைய குழியொன்றில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆழ்ந்தான். நன்கு நீந்தவல்ல அவன் தமையன் உடனே பாய்ந்தான். மூழ்குபவன் அச்சத்தால் அவன் கழுத்தை இறுகப் பற்றிக்கொண்டான். இருவரும் மீளவில்லை. கரையில் வேட்டிகள் நான்கு உலர்ந்துகொண்டிருந்தன. அவற்றை முடிந்து எறிய அங்கு நின்ற எவர்க்கும் தோன்றவில்லை. மறுநாள் வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது, அப்பெயரை விளித்தற்கு என் நா எழவில்லை.

மூழ்குவோன் கூவி அழைப்பான் என்று எண்ணுதல் தவறு. மூச்சு வாங்குதற்கே வாய் போதாதபோது கூவுவது எங்ஙனம்? கைகள் நீரை அழுத்தும், தலை பின்சாயும், ஒருசில நொடிகளில் ஓசையின்றி ஆழ்ந்துவிடுவான். பத்தடித் தொலைவில் இருப்போரும் அவன் விளையாடுவதாகவே எண்ணுவர். ஆதலின் நீரில் இறங்கிய சிறுவரைக் கண்ணாற் காப்பதொன்றே காவல், காதை நம்பலாகாது.

காப்பாற்ற விரும்புவோன் முதலில் கூவிப் பிறரை அழைத்தல் வேண்டும். பின்பு மூங்கிற் கழியையோ மரக்கிளையையோ நீட்டலாம். வேட்டி, புடைவை, தாம்புக்கயிறு ஆகியவற்றை எறியலாம். வாயை இறுக மூடிய இருபது லிட்டர்த் தண்ணீர்க் கேன் ஒருவனை மிதக்கவைக்கப் போதும். பண்டு நீந்தக் கற்போர் முதுகிற் கட்டிய சுரைக்குடுக்கையின் வேலையை அது செய்யும். பயிற்சி பெறாதவன் தானே நீரிற் குதித்தல் ஓருயிர்க்கு ஈடாக ஈருயிரை இழத்தலாகவே பெரும்பாலும் முடியும்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் நீரில் மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். அவருள் நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை சூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. பஞ்சாயத்தார் 'இங்குக் குளிக்காதீர்' என்று பலகை நாட்டுதல் நன்றே. ஆயினும் பலகை மட்டும் சிறுவரைத் தடுத்துவிடாது என்பது நாற்பதாண்டு மாணவரோடு பழகிய என் கருத்து. ஊருக்கு ஒரு துறையைத் தெரிந்து, குழிகளைத் தூர்த்து, ஆழங்காட்டும் கல் நட்டு, கயிறும் மிதவையும் வைத்து, 'இங்கே குளியுங்கள்' என்று காட்டினால் அவர்கள் அங்கே செல்வர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர்க் கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் விடப்பட்டன எனச் செப்பேடு கூறும். கல்விக்கு மூன்று ஊர் பெற்ற இடத்தில் நீந்தற் கல்விக்கு ஒரு துறை கேட்பது மிகையாகாது.

கரையேற்றியவனைத் தலைகீழாய்த் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் பழைய வழக்கங்கள். இரண்டும் தீங்கு பயப்பன. இரைப்பை நீர் மேலேறி மூச்சுக்குழலில் புகுந்துவிடும். மூளை காற்றின்றிச் சில நிமிடங்களே தாங்கும். ஆதலின் ஒருவர் 108 என்னும் எண்ணை அழைக்க, மற்றவர் அவனை மல்லாத்தி மூச்சு உண்டா என நோக்கல் வேண்டும். இல்லையெனின், மூக்கைப் பிடித்து வாயோடு வாய்வைத்து இருமுறை மூச்சை ஊதுக. பின்பு மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது என்னும் விரைவில் முப்பது முறை அழுத்துக. வளர்ந்தவர்க்கு அழுத்தத்தின் ஆழம் ஐந்து சென்டிமீட்டர். மீண்டும் இருமுறை ஊதி, மீண்டும் அழுத்துக. மருத்துவ வண்டி வருமளவும் இதனை நிறுத்தலாகாது. அவன் கண்விழித்து, 'எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்' என்று எழுந்தாலும் விடாதீர்கள். நுரையீரலிற் புகுந்த நீர் சில மணிநேரம் கழித்தும் மூச்சுத்திணறலை உண்டாக்கும். ஆதலின் அவனை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.