பஸ் வரும்வரை நிற்கும் இடம்

1982ஆம் ஆண்டு பாராளுமன்றம் கொழும்பிலிருந்து ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்கு மாறியது. அதைத் தொடர்ந்து அரச அலுவலகங்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்திலுள்ள பத்தரமுல்லைக்குச் சென்றன. கல்வி அமைச்சு இயங்கும் இசுருபாய, கடவுச்சீட்டு எடுக்கப் போகும் சுஹுருபாய, சான்றிதழுக்காக நாம் படியேறும் பரீட்சைத் திணைக்களம் எல்லாம் இன்று அந்தப் பக்கம்தான். சற்று அப்பால் மாலபேயில் உயர்கல்வி நிறுவனங்களும் புதிய வீடுகளும் பெருகிவிட்டன. இவ்விரு ஊர்களும் அடங்கும் கடுவெல மாநகர சபைப் பகுதியில் 2012 கணக்கெடுப்பின்போதே சுமார் இரண்டரை இலட்சம் பேர் வாழ்ந்தனர்.

அலுவலகங்கள் போயின, ரயில் போகவில்லை. அந்தப் பக்கத்துக்கு அண்மையிலுள்ள களனிவெளிப் பாதை நுகேகொடை, மஹரகம, கொட்டாவ வழியாகத் தெற்கே ஒதுங்கிச் செல்கிறது. மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டைவரை, சுமார் 16 கிலோமீற்றர் தூரத்துக்கு, தூண்களின் மேல் இலகு ரயில் அமைக்க 2019இல் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வருட வட்டி வெறும் 0.1 சதவீதம். 2020 செப்டெம்பரில், செலவு அதிகம் என்று கூறி அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது. அவ்வளவு குறைந்த வட்டியில் இன்னொரு கடன் எளிதில் கிடைக்குமா என்பது பொருளியல் படிக்கும் எங்களுக்கே சந்தேகம்.

ஆகவே மிஞ்சியிருப்பது பஸ். கடுவெலயிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு ஓடும் 177ஐ அறியாதவர் அந்தப் பாதையில் இல்லை. பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது நாம் கட்டணத்தையும் நெரிசலையும் மட்டுமே பேசுகிறோம். ஆனால் பயணம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. தரிப்பிடம்வரை நடக்க நடைபாதை இருக்கிறதா, அதில் வாகனம் நிறுத்தியிருக்கிறார்களா, தரிப்பிடத்தில் கூரையும் வெளிச்சமும் உண்டா, அவசரத்துக்குச் சுத்தமான மலசலகூடம் கிடைக்குமா? என் உம்மா தூரப் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். காரணத்தைப் பெண்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் நடத்திய ஆய்வில், பெண்களில் 90 சதவீதமானோர் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதாகத் தெரிவித்தனர். பொலிஸாரின் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம்தான். இது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் ஐந்து வருடம்வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் என்பதாவது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"மஃரிபுக்கு முன் வீட்டுக்கு வந்துவிடு" என்று வாப்பாமார் சொல்வது இருட்டில் நிற்கும் அந்தப் பதினைந்து நிமிடங்களை நினைத்துத்தான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாலை வகுப்பை நிறுத்துவதும், தூரத்தில் கிடைத்த பாடநெறியை மறுப்பதும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. எரியாத மின்குமிழுக்கு எந்த இழப்பும் இல்லை.

அந்த மின்குமிழ் யாருடைய பொறுப்பு? இங்கேதான் சிக்கல். பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு மாகாண அதிகார சபை அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. சிவப்பு பஸ்கள் இலங்கைப் போக்குவரத்துச் சபையினுடையவை. உள்ளூர் வீதிகளும் பொது மலசலகூடங்களும் மாநகர, நகர, பிரதேச சபைகளின் கையில். ஒரே தரிப்பிடத்தைச் சுற்றி இத்தனை பேர் இருப்பதால், முறைப்பாட்டுடன் போகிறவரை "அது எங்களுடையதல்ல" என்று இலகுவாகத் திருப்பி அனுப்பிவிடலாம்.

அதற்கு ஒரு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் அரச நிறுவனமொன்றிடம் தகவல் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். தகவல் தரப்படுமா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். "இந்தத் தரிப்பிடத்தின் விளக்கைப் பராமரிப்பது யார், இவ்வருடம் அதற்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு?" இரண்டு கேள்விகள் போதும். விண்ணப்பத்தைத் தகவல் அலுவலரிடம் கொடுத்தால், கிடைத்ததற்கான எழுத்துமூல அத்தாட்சியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.