பத்து வெள்ளி வாங்கிய தோட்டம்

வறுமையைத் தனியொருவர் வெல்வது அரிது. 1950ஆம் ஆண்டுகளில் மலாயாவின் ரப்பர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. பால்மரம் வெட்டிய நம் மக்கள் வேலையோடு குடியிருந்த வீட்டையும் இழந்தனர்.

1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோறும் சென்று, தொழிலாளரைப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் செலுத்தச் செய்தார். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. தனித்திருந்தால் அந்தப் பத்து வெள்ளி அரிசிக் கடையோடு தீர்ந்திருக்கும்.

ஆனால், பணம் சேர்த்தால் மட்டும் போதுமா? கூட்டுறவில் பங்கு எத்தனையாயினும் உறுப்பினருக்கு வாக்கு ஒன்றே. அந்த வாக்கைப் பயன்படுத்த, கணக்கறிக்கையைப் படிக்கவும் கூட்டத்தில் எழுந்து கேட்கவும் நாம் தெரிந்திருக்க வேண்டும். சேமிப்பும் கல்வியும் கைகோக்கும் இடத்தில்தான் வறுமை விலகும்.