எரிந்தது எது? எரிந்தவர் யார்?

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குச் சிறைத்தண்டனை என்ற செய்தி பரவியதும் தமிழகத்தின் பல ஊர்களில் சாலை மறியல் தொடங்கியது. தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் அந்த மறியலில் சிக்கி நின்றது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பஸ். உள்ளே ஆய்வுச் சுற்றுலா வந்த மாணவிகள் இருந்தார்கள். அவர்கள் இருக்கும்போதே பெட்ரோல் ஊற்றித் தீ வைக்கப்பட்டது. பின்னால் இன்னொரு பஸ்ஸில் வந்த மாணவர்கள் ஓடிவந்து தோழிகளை மீட்கப் போராடினார்கள். மூன்று மாணவிகள் கருகி இறந்தார்கள். பலர் தீக்காயங்களோடு தப்பினார்கள்.

சேலம் நீதிமன்றம் 2007-இல் 28 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து, மூவருக்குத் தூக்குத்தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2010-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் 2016-இல் சீராய்வு மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இது முன்கூட்டித் திட்டமிட்ட கொலை அல்ல, பொதுச் சொத்தைச் சேதப்படுத்த வந்த கூட்டம் வெறியில் நிதானம் இழந்துவிட்டது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய முன்விடுதலையில் மூவரும் வெளியே வந்தார்கள்.

தூக்கு சரியா, விடுதலை சரியா என்று அப்போதே நிறையப் பேசிவிட்டோம். பேசாமல் விட்டது ஒன்று உண்டு. "பஸ்ஸைத்தான் எரிக்க வந்தார்கள், ஆளை அல்ல" என்ற வாதம் எடுபட இடமிருக்கிறதே, அந்த இடம் எங்கிருந்து வந்தது? நம் சட்டப் புத்தகத்திலிருந்துதான் வந்தது.

நூறு ரூபாய்க் கணக்கு

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் எழுதப்பட்டபோது, தீ வைப்பது சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றங்களோடு சேர்க்கப்பட்டது. 435-ஆவது பிரிவின்படி, தீயால் நூறு ரூபாய்க்கோ அதற்கு மேலோ சேதம் விளைவிக்க முயன்றால் ஏழு ஆண்டு வரை சிறை. விளைபொருள் என்றால் பத்து ரூபாய்ச் சேதமே போதும். 436-ஆவது பிரிவு வீடு, வழிபாட்டுத் தலம், பொருள் வைக்கும் கிடங்கு ஆகியவற்றுக்கானது. அதற்கு ஆயுள் தண்டனை அல்லது பத்து ஆண்டு வரை சிறை.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். யாருமில்லாமல் பூட்டிக் கிடக்கும் கிடங்குக்குத் தீ வைத்தவனுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். ஆட்கள் நிறைந்த பஸ்ஸுக்குத் தீ வைத்தால், இந்தப் பிரிவுகளை மட்டும் வைத்துப் பார்த்தால், ஏழு ஆண்டுதான் உச்சம். காரணம், பஸ் கட்டடம் இல்லை. எரிந்தது எது என்றுதான் சட்டம் கேட்கிறது. உள்ளே யார் இருந்தார் என்று கேட்கவில்லை.

2024 ஜூலை 1 அன்று இந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. நூறு ரூபாய், பத்து ரூபாய்க் கணக்கு போய்விட்டது. மற்றபடி 326-ஆவது பிரிவின் இரண்டு உட்பிரிவுகளில் அதே பழைய பாகுபாடு அப்படியே குடியேறியிருக்கிறது. பொதுவான சொத்துக்கு ஏழு ஆண்டு, கட்டடத்துக்கு ஆயுள் வரை. நூற்று அறுபது ஆண்டுக்குப் பிறகு புதிதாக எழுத வாய்ப்பு கிடைத்தும், தீயில் வெந்த மனிதர் அந்தப் பிரிவுக்குள் வரவே இல்லை.

காயத்துக்கு வேறு பக்கம்

அப்படியானால் காயம்பட்டவருக்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது. ஆனால் வேறு பக்கத்தில் தேட வேண்டும். தீயால் காயம் உண்டாக்கினால் 118(1): மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம் மட்டுமேகூட. கொடுங்காயம் என்றால் 118(2): ஆயுள் தண்டனை, அல்லது ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறை. கொல்லும் எண்ணமோ, சாவு நேரும் என்ற அறிவோ இருந்ததாக நிரூபித்தால் கொலைமுயற்சிப் பிரிவும், ஆள் இறந்தால் கொலைப் பிரிவும் சேரும்.

இதில் சிக்கல், "வேண்டுமென்றே காயப்படுத்தினான்" என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியிருப்பது. "கடையைத்தான் கொளுத்தினேன், உள்ளே ஆள் தூங்கியது எனக்குத் தெரியாது" என்று சொன்னால் வழக்கு தடுமாறத் தொடங்கும். கொடுங்காயம் எது என்பதற்கும் பட்டியல் உண்டு. நிரந்தர உருச்சிதைவு என்றால் தலையிலும் முகத்திலும் ஏற்பட்டதைத்தான் அந்தப் பட்டியல் சொல்கிறது. கழுத்திலும் மார்பிலும் தோல் சுருங்கி இழுத்துப் பிடித்தவர், உயிருக்கு ஆபத்து இருந்தது என்றோ, பதினைந்து நாள் கடும் வலியில் கிடந்தேன் என்றோ, அத்தனை நாள் அன்றாட வேலை செய்ய முடியவில்லை என்றோ காட்டி வேறு வழியாக அதற்குள் நுழைய வேண்டும். தீக்காயம் பட்டவருக்குப் பதினைந்து நாள் என்பது தொடக்கம்கூட இல்லை. தொடையில் தோல் எடுத்து ஒட்டும் அறுவை சிகிச்சை, மடங்கிப்போன மூட்டை நீட்டப் பயிற்சி, தழும்பு தடிக்காமலிருக்க மாதக்கணக்கில் இறுக்கமான உடுப்பு என்று ஆண்டுகள் ஓடும்.

ஆசிடுக்குக் கிடைத்த நீதி

இதற்கு வழி காண முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். வழி ஏற்கெனவே கண்டிருக்கிறோம். ஆசிட் வீச்சுக்கு எதிரான நீண்ட போராட்டத்தின் பயனாக 2013-இல் பழைய தண்டனைச் சட்டத்தில் 326ஏ என்ற தனிப் பிரிவு வந்தது. இப்போது அது புதிய சட்டத்தின் 124-ஆவது பிரிவு. குறைந்தது பத்து ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். முகமா மார்பா என்ற பாகுபாடு இல்லை. உடலின் எந்தப் பகுதி வெந்தாலும் குற்றம். காயம் நேரும் என்று அறிந்து செய்திருந்தாலே போதும். அபராதம் மருத்துவச் செலவுக்கு ஈடாக இருக்க வேண்டும், அது பாதிக்கப்பட்டவர் கைக்கே போக வேண்டும். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, ஆசிட் வீச்சில் காயம்பட்டவருக்கு உடனே இலவச முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்று நடைமுறைச் சட்டம் கட்டளையிடுகிறது.

பெட்ரோலால் வெந்தவருக்கு அந்தக் கட்டளை இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தப்பட்ட மனைவிக்கும் இல்லை. பாட்டிலில் இருந்தது ஆசிடா பெட்ரோலா என்பதை வைத்து, ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடப்பவர்களுக்குச் சட்டம் வெவ்வேறு மதிப்புக் கொடுக்கிறது. இது நியாயமே இல்லை.

பிற நாடுகளின் கேள்வி

கலிஃபோர்னியாவில் தீவைப்புக் குற்றத்தின் முதல் உட்பிரிவே மனிதருக்கு நேர்ந்த பலத்த காயத்தைப் பற்றியது. ஐந்து, ஏழு அல்லது ஒன்பது ஆண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று, ஐந்து, எட்டு. காடும் வெறும் கட்டடமும் அதற்குக் கீழே. இங்கிலாந்தின் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிறர் உயிருக்கு ஆபத்து நேருமே என்ற கவலையில்லாமல் தீ வைத்தாலே போதும், யாருக்கும் காயம்படாவிட்டாலும் ஆயுள் தண்டனை வரை உண்டு. ஜப்பானில் ஆள் குடியிருக்கும் அல்லது உள்ளே ஆள் இருக்கும் கட்டடம், ரயில், கப்பலுக்குத் தீ வைத்தால் குறைந்தது ஐந்து ஆண்டு. மரண தண்டனை வரை போகலாம். மூன்று நாட்டிலும் அளவு வேறு. ஆனால் மூன்றும் உள்ளே இருக்கும் ஆளைக் கணக்கில் எடுக்கின்றன.

தூக்குக் கயிற்றை நான் கேட்கவில்லை. நமக்குத் தேவை ஒரு தெளிவான பிரிவு. உள்ளே ஆள் இருக்கிறார் அல்லது இருக்கக்கூடும் என்று தெரிந்தும் வீட்டுக்கோ பஸ்ஸுக்கோ கடைக்கோ குடிசைக்கோ தீ வைத்தால், அதுவே தனிக் குற்றம் என்று அந்தப் பிரிவு சொல்ல வேண்டும். காயம் நேர்ந்தால் ஆசிட் வீச்சுக்கு உள்ளதுபோலக் குறைந்தபட்சத் தண்டனை, மருத்துவச் செலவுக்கு ஈடான அபராதம், எந்த மருத்துவமனையிலும் இலவச சிகிச்சை. ஆசிட் பிரிவின் வாசகம் நம் கையிலேயே இருக்கிறது. அதோடு நெருப்பைச் சேர்க்க ஒரு சிறு திருத்தம் போதும். சிகிச்சைச் செலவையாவது வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் உடனே ஏற்க மாநில அரசால் முடியும். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.