அரிப்பை அடக்கும், நோயை வளர்க்கும்

படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கும் கூட்டுக் களிம்பே பெரும் சிக்கலாகியிருக்கிறது

பொன்முடி மலையடிவாரத்தில் இருக்கிறது வித்துரா. திருவனந்தபுரம் மாவட்டத்தின் இந்தக் கிழக்கு மூலைக்கு ஆண்டில் இரண்டு பருவமழை. ரப்பர் தோட்டத்திலும் தேயிலைச் சரிவிலும் வேலை செய்பவர்களுக்கு நனைந்த துணியோடு நாளைக் கழிப்பது புதிதல்ல. தொடையிடுக்கு, இடுப்பு, கால்விரல் இடுக்கு என ஈரம் தங்கும் இடமெல்லாம் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். முதலில் சின்ன வட்டம், பிறகு அரிப்பு, அதன்பின் மருந்துக் கடை.

வினை தொடங்குவது அங்கேதான். வித்துரா என்றில்லை, நாடு முழுவதும் இதே கதை. "படர்தாமரைக்கு ஏதாவது கொடுங்கள்" என்றால் கைக்கு வருவது பெரும்பாலும் கூட்டுக் களிம்பு. அதில் பூஞ்சை மருந்துடன் ஆன்டிபயாடிக்கும், குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு இரண்டே நாளில் அரிப்பை அடக்கிவிடும். கூடவே தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். வட்டத்தின் விளிம்பு மங்குவதால் டாக்டருக்கே நோயை அடையாளம் காண்பது கடினம். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். தொடையில் விழும் வரித்தழும்புகள் மறைவதே இல்லை.

மேல்பூச்சு ஸ்டீராய்டுகளுக்கு முன்பு இருந்த விதிவிலக்கை நீக்கி, 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளை 'ஷெட்யூல் எச்' பட்டியலில் கொண்டுவந்தது. அதாவது, டாக்டர் சீட்டு கட்டாயம். ஆனாலும் சீட்டில்லாத விற்பனை நிற்கவில்லை.

இதற்கிடையே பூஞ்சையும் மாறிவிட்டது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு வகைக்கு 'டிரைக்கோபைட்டான் இண்டோடினியே' என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. வழக்கமான டெர்பினஃபின் இதனிடம் பல நேரங்களில் பலிப்பதில்லை. 2023இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இது கண்டறியப்பட்டது. அவர்களில் ஒருவர் சமீபத்தில் வெளிநாடு போகாதவர்.

ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல் போன்ற களிம்புகள் பொதுவாகப் பாதுகாப்பானவை. லேசான எரிச்சல், சிவப்பு, தோல் உரிதல் சிலருக்கு வரலாம். கொப்புளமோ வீக்கமோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். கழுவி, நன்றாக ஈரம் துடைத்து, வட்டத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். அரிப்பு நின்றதுமே களிம்பை மூடி வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. டாக்டர் சொன்ன நாள்வரை, பெரும்பாலும் சில வாரங்கள், தொடர வேண்டும். உள்ளாடையும் துண்டும் தனித்தனியாக இருக்கட்டும். வெயிலில் நன்றாகக் காயட்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு இருந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் செய்வதே பலன் தரும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் எதையும் பூசக் கூடாது.

கடையில் டியூபை வாங்கியதும் பெயரை முழுதாகப் படியுங்கள். குளோட்ரிமசோல், குளோபெட்டசால் இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கும். முன்னது பூஞ்சையைக் கொல்லும், பின்னது அதற்கு இடம் கொடுக்கும்.