இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக...
பிள்ளைகளின் கணக்குக்கு வீட்டிலேயே அஸ்திவாரம்

வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு தானாக வந்துவிடும் என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது பாதிதான் உண்மை. சில்லறை கொடுப்பதில் பெரியவர்களையே மிஞ்சுகிற பையன், பரீட்சையில் கணக்கில் தவறிப் படிப்பை விடுவதைத் திமிரிக் கடைத்தெருவிலும் பார்த்திருக்கிறோம். அவனுக்குப் புத்தி குறைவில்லை. கடையில் போடுவதும் பள்ளியில் போடுவதும் ஒரே கணக்குத்தான் என்று அவனுக்கு எவரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமன்று. பிரேசில் நாட்டின் ரெசிபே நகரில் தெருவில் தேங்காய், பழம் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது. ஒரு தேங்காய் 35 குருசேரோ என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று 12 வயதுப் பிள்ளையிடம் கேட்டார்கள். அந்தப் பிள்ளை பத்தால் பெருக்கவில்லை. மூன்று காய் 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, மறுபடி மூன்று சேர்ந்தால் 315, கடைசிக் காயோடு 350 என்று தாவித் தாவி எண்ணிச் சரியாகச் சொன்னது. வியாபாரத்தில் நூற்றுக்கு 98 விடை சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி!

டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலானோர் 2025-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. சந்தைக் கணக்கு தெரிந்த பிள்ளை பள்ளிக் கணக்கில் தடுமாறுகிறது. பள்ளிக்கு மட்டும் போகிற பிள்ளையோ சந்தைக் கணக்கில் திணறுகிறது.

நம் முன்னோர் இந்த இரண்டையும் பிரித்து வைக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை வாயால் சொல்லி, மணலில் விரலால் எழுதினார்கள். அங்கே படித்த வீசம், அரைக்கால், கால் என்பவை கடைக்கு வந்தால் ஓரணா, இரண்டணா, நாலணா ஆயின. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு காசு என்று ஆகி, அணாக் கணக்கு போயிற்று. ஆனால் அந்த முறையை நாம் விட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இதுதான்:

வாசலில் கிடக்கும் செருப்பு ஜோடிகளை இரண்டு, நான்கு, ஆறு என்று எண்ணச் சொல்லுங்கள். தோல் தொழில் நடக்கும் நம் வட்டாரத்தில் ஜோடிக் கணக்கு பிள்ளைகளுக்குப் புதிதன்று.

ஐந்து ரூபாய் நாணயங்களை வைத்து ஐந்து, பத்து, பதினைந்து என்று எண்ணட்டும். அடுத்து முட்டை அட்டை. வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை: 6, 12, 18, 24, 30. அட்டையைத் திருப்பி வைத்தால் வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை. இரண்டும் 30தான். ஐயாறும் ஆறைந்தும் ஒன்றே என்பதைக் குழந்தை கண்ணாலேயே கண்டுகொள்ளும்.

சற்று வளர்ந்த பிள்ளைக்கு அரிசி மூட்டை. 25 கிலோ வரையிலான பை அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் ஜி.எஸ்.டி. வந்ததும், 26 கிலோ மூட்டை கடைகளுக்கு வந்ததை நாம் அறிவோம். 25, 50, 75, 100 என்று சொல்லத் தெரிந்த பிள்ளையிடம், மூட்டைக்கு ஒரு கிலோ கூட்டச் சொல்லுங்கள்: 26, 52, 78, 104. இருபத்தாறாம் வாய்ப்பாடு தானே வந்துவிடும்.

சில்லறையும் அப்படியே. 63 ரூபாய்ச் சரக்குக்கு 100 ரூபாய் நோட்டு வந்தால், இரண்டு வைத்து 65, ஐந்து வைத்து 70, பிறகு பத்துப் பத்தாக 80, 90, 100. கொடுக்க வேண்டியது 37.

எண்ணி முடித்ததும் விட்டுவிடாதீர்கள். இங்கேதான் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். 6+6+6+6+6=30 என்றும், அதன் கீழே 5×6=30 என்றும் சிலேட்டில் எழுத வையுங்கள். பள்ளியில் வரும் கணக்கும் இதுவே என்று சொல்லுங்கள். பாட்டு மாதிரி ஒப்பிக்கவும் விடக்கூடாது. நடுவில் நிறுத்தி, "24 என்றாயே, எத்தனை வரிசை ஆயிற்று?" என்று கேளுங்கள். 30-இலிருந்து பின்னோக்கியும் எண்ணட்டும்.

இதற்காகப் பிள்ளையைக் கடை வேலையில் இறக்க வேண்டாம். காலையில் கடை திறக்கும் முன் பத்து நிமிடம் போதும். நமக்கு நேரமில்லை என்றால் வீட்டிலுள்ள தாத்தா, பாட்டி செய்யலாம். தப்பாகச் சொன்னால் அதட்டாமல் பொருளைக் கையில் கொடுத்து மறுபடி எண்ண வைத்தால் பயம் வராது.

கூட்டிச் சொல்லக் கைபேசி இருக்கிறதே என்பார்கள். தவறாக அழுத்தினால் அது தவறாகவே காட்டும். அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க மனக்கணக்கு வேண்டும். நம் பிள்ளை நாளை கல்லாவில் உட்காரலாம், கல்லூரிக்கும் போகலாம். எங்கே போனாலும் இந்தக் கணக்கு கூடவே போகும்.