பழைய துப்பாக்கியும் துருவும்

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் நீரும் வேண்டும் என்பதை மாணவரும் அறிவர். ஆயினும், எண்ணெய் பூசிப் பத்திரமாய் வைத்த பழைய துப்பாக்கியின் குழல், சில திங்கள் கழித்துப் பார்க்கையில் உள்ளே அரித்துக் கிடப்பதேன்?

1853ஆம் ஆண்டு பிரித்தானியப் படைக்கென அமைந்த என்பீல்டுத் துப்பாக்கியைச் சான்றாகக் கொள்ளலாம். குழலின் வாய்வழியே மருந்தையும் ஈயக்குண்டையும் இட்டுக் கோலால் கெட்டிக்கும் வகை அது. அக்காலக் கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இது வெடித்தால் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே எஞ்சும். அதில் புகையாய்ப் போனது போக மீதி குழலில் படிகிறது. அப்படிவில் பொட்டாசியம் கார்பனேட்டு முதலிய உப்புகள் உண்டு. மழைக்காலத்தில் அடுக்களை உப்பு கசிவதுபோல, இவையும் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைக்கின்றன. மருந்தைப் பற்றவைக்கும் செப்பு மூடியிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டோ, எரிந்தபின் குளோரைடாகிறது. கடலோர வீடுகளின் சன்னல் கம்பியைத் தின்னும் உப்புக்கு அது நெருங்கிய உறவு.

இவ்வுப்புகள் எண்ணெயில் கரையா, நீரில் கரையும். படிவின்மேல் எண்ணெய் பூசுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதை ஒக்கும். ஆகவே துருவுக்குக் காரணமென்று நாம் அஞ்சும் நீரே இங்கு முதல் மருந்து! சோப்புக் கலந்த வெந்நீரால் அழுக்கு நீங்கும்வரை கழுவி, நல்ல வெந்நீர் விட்டு அலசினால், சூடேறிய குழல் விரைவில் உலரும். துணியால் ஒற்றியெடுத்த பிறகே எண்ணெய். சில நாள் சென்று வெள்ளைத் துணியை உள்ளே செலுத்திப் பார்க்கவேண்டும். செம்பழுப்புக் கறை தெரிந்தால் வேலை முடியவில்லை.

இவற்றுக்கெல்லாம் முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. கோலைக் குழலுள் இறக்கி, வாயருகே அடையாளமிட்டு, வெளியே வைத்து அளக்கவேண்டும். அது நெருப்புத்துளை வரை எட்டவில்லையெனில் உள்ளே மருந்து கெட்டித்திருக்கலாம். உலர்ந்த கருமருந்து நூறாண்டு சென்றாலும் வெடிக்கும். அத்தகைய துப்பாக்கியைத் தொடாமல் வல்லுநரிடம் விடுவதே முறை.

வைக்கும்போது குழல்வாய் கீழ்நோக்கி இருப்பது நன்று. இன்றேல் மிகுந்த எண்ணெய் வழிந்து மரக்கட்டையை ஊறவைக்கும். தோலுறை அழகுதான், ஆனால் ஈரத்தையும் பதனிட்ட அமிலத்தையும் தன்னுள் வைத்திருப்பதால் நீண்டகாலம் வைக்க ஏற்றதன்று. காற்றின் ஒப்பு ஈரம் நூற்றுக்கு 50 அளவில் நின்றால் போதும். மிக வறண்டால் மரம் வெடிக்கும்.

குழல் பழுப்பாயிருப்பதெல்லாம் கெடுதலன்று. அக்காலக் கொல்லர் பலர் வேண்டுமென்றே மெல்லத் துருப்பிடிக்கச் செய்து, தேய்த்துத் தேய்த்து அந்நிறத்தை நிலைபெறச் செய்தனர். அதனை உப்புத்தாள் கொண்டு பளபளக்கத் தேய்ப்போர், காவலாய் இருந்த போர்வையைத் தாமே உரித்துவிடுகின்றனர்.