கிழக்குக் கரையில் ஒரு குடும்ப விடுமுறை

கடற்கரையில் சில நாட்கள் தங்கி வரலாம் என்று ஒரு குடும்பத்தில் பேச்செழுந்தால், 'எங்கே போவது?' என்ற கேள்விதான் முதலில் பிறக்கிறது. ஆனால் அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. 'எப்போது போவது?' என்பதே அது. இதனை நான் பட்டறிந்து சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடுமுறையில், என் குடும்பமும் தம்பியின் குடும்பமுமாகத் திருகோணமலைக்குப் போயிருந்தோம். தங்கிய நான்கு நாட்களில் மூன்றரை நாள் மழை. பிள்ளைகள் விடுதி அறையில் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். படங்களிலே நீலமணி போலக் கண்ட கடல், கலங்கிச் சாம்பல் நிறமாய்க் கரையை மோதிக்கொண்டிருந்தது. விடுதிக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "ஐயா, வாடைக் காலத்தில் எங்கள் ஆட்களே தோணியை மேட்டில் ஏற்றிவிட்டு வீட்டில் இருக்கிறார்கள்" என்றார் அவர். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

நம்முடைய தீவு சிறியதுதான். ஆயினும் அதன் இரு கரைகளுக்கும் ஒரே காலம் ஒத்துவருவதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையாக இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதே காற்று ஈரம் வற்றி, வெப்பமேறி, வறண்ட காற்றாகிறது. மட்டக்களப்பார் 'கச்சான்' என்று சொல்வது இந்தக் காற்றைத்தான். உடம்புக்கு அது அவ்வளவு இதமானதன்று. ஆனால் வானத்தைத் தெளிவாகவும் கிழக்குக் கடலை அமைதியாகவும் வைத்திருப்பது அதுவே. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து வரும்போது நிலைமை தலைகீழாகும். அப்போது மழையும் கொந்தளிப்பும் கிழக்கே. அமைதி மேற்கிலும் தெற்கிலும். மார்கழியில்தான் விடுமுறை கிடைக்கும் என்பவர்கள் பெந்தோட்டை, இக்கடுவை போன்ற தென்மேல் கரைகளுக்குப் போகலாம். கிழக்கே போகவேண்டுமாயின் ஓகஸ்ட் மாத விடுமுறையே தக்கது. சித்திரை விடுமுறையும் பாதகமில்லை. பிற்பகலில் இடிமழை ஒன்று வந்து போகக்கூடும், அவ்வளவுதான். ஒக்டோபர், நவம்பர் மாதங்களை விலக்கிவிடுவது நல்லது. அவை வங்கக் கடலில் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் உருவாகும் மாதங்கள். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இனி இடத்துக்கு வருவோம். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நான் முதலிற் சொல்வது பாசிக்குடாவைத்தான். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர் தொலைவில், பிறை போல் வளைந்த குடா அது. முருகைக்கற் பாறைகள் திறந்த கடலின் வேகத்தைத் தடுத்து நிற்பதால் அலை தணிந்தே கரைக்கு வருகிறது. வெகு தூரம் உள்ளே நடந்து போனாலும் வளர்ந்தவருக்கு நீர் இடுப்பளவுதான். அதன் பக்கத்திலேயே கல்குடா. பாசிக்குடாவின் பெயரில் பாசி, கல்குடாவின் பெயரில் கல்; பெயரிட்டவர்கள் இடத்தைப் பார்த்தே இட்டார்கள் போலும். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் கடலும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. கல்குடாக் கரை திறந்த கடலைப் பார்த்தது. அங்கே ஆழமும் இழுப்பும் வேறு. யுத்தத்தாலும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலும் பாழடைந்து கிடந்த இப்பகுதியில், 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரே விடுதிகள் மீண்டும் எழுந்தன. பெரும்பாலானவை செலவு மிகுந்தவை. உள்ளே சற்றுத் தள்ளி, வாழைச்சேனைப் பக்கமாகச் சிறு விடுதிகளை விசாரித்தால் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகும்.

வளர்ந்த பிள்ளைகளும் முதியவர்களும் சேர்ந்து போவதாயின் திருகோணமலை மேலானது. அங்கே நகருக்கு வடக்கே உப்புவெளியும், பதினைந்து கிலோமீற்றர் அளவில் நிலாவெளியும் இருக்கின்றன. கடலாடுவோர் கடலாட, பெரியவர்கள் சுவாமி மலையின் உச்சியில் கோணேசரைத் தரிசிக்கலாம். போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்த பெருங்கோயிலின் இடத்திலே, பிற்காலத்தில் எழுந்த கோயில் அது. ஒரு காலை நேரத்தைக் கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒதுக்குங்கள். ஏழு கிணறுகள், ஒன்றின் சூடு மற்றொன்றில் இல்லை. எந்தக் கிணற்றின் நீர் அதிகம் சுடுகிறது என்று பிள்ளைகள் வாதாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களை அழைத்து வருவதுதான் பெரும்பாடு.

நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இருப்பது புறாத்தீவு. மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். 2003 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இத்தீவுக்கு, வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டுப் பெற்றே படகேற வேண்டும். கரையோரத்து ஆழமற்ற நீரிலேயே முருகைக்கற்களையும் வண்ண மீன்களையும் காணலாம். முருகைக்கல் என்பது கல்லன்று. நுண்ணிய உயிர்கள் கூட்டாக வாழ்ந்து கட்டிய வீடு. அதன்மேல் ஒருவர் கால் வைத்து ஏறினால், பல்லாண்டு வளர்ச்சி ஒரு நொடியில் முறிகிறது. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறும் ஆண்டுகளில் இவை வெளிறி மடிவதையும் கண்டிருக்கிறோம். ஆகவே மிதந்து பாருங்கள், மிதிக்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குப் படகிலேயே சொல்லிவிடுவது நல்லது.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் புகையிரதப் பாதை கல்லோயாச் சந்தியிற் பிரிந்து, ஒரு கிளை திருகோணமலைக்கும் மற்றது மட்டக்களப்புக்கும் போகிறது. பாசிக்குடாவுக்குப் போவோர் வாழைச்சேனையிலோ கல்குடாவிலோ இறங்கலாம். ஓகஸ்ட் மாதத்தில் இருக்கைகளை முன்பதிவு செய்யாமற் போவது, குழந்தைகளுடன் இரவு முழுவதும் நிற்பதற்குச் சமம். இரு நகரங்களையும் பார்க்க விரும்புவோருக்கு இப்போது கரையோரப் பாதை நன்றாக இருக்கிறது. முன்னாளில் பாதைப் படகுகளுக்காகக் காத்துக்கிடந்த வழி அது. 2009 இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலமும், பின்னர் வந்த ஏனைய பாலங்களும் அந்தக் காத்திருப்பை இல்லாமற் செய்துவிட்டன.

இதுவரை சொன்னவற்றை எந்த வழிகாட்டி நூலும் சொல்லும். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு.

மழையிலே கெட்ட பயணத்துக்கு இரண்டு ஆண்டுகளின் பின், சரியான மாதத்தில், அதே குடும்பங்கள் மீண்டும் கிழக்கே போனோம். திறந்த கடலை நோக்கிய ஒரு கரை. தம்பியின் மகனுக்கு அப்போது பதினான்கு வயது. குளத்தில் நன்றாக நீந்துவான். அலைகள் வெண்ணுரையாக உடையும் இடங்களை விட்டு, அலையே இல்லாத ஓர் அமைதியான இடத்தைத் தெரிந்து இறங்கினான். நாங்களும் 'நல்ல இடம்' என்றே எண்ணினோம். சில நிமிடங்களில் அவன் எங்களைவிட்டு விலகிக்கொண்டே போனான். கரையை நோக்கி முழுப்பலத்துடன் நீந்துகிறான். ஆனால் தூரம் கூடுகிறது. தம்பி சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினான். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு முதியவர் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பையனைப் பார்த்து, "தம்பி, நேரே வராதே! பக்கத்தாலே போ, பக்கத்தாலே!" என்று கூவிக் கையையும் வீசிக் காட்டினார். பையன் கேட்டான். கரைக்கு இணையாக நீந்தி, நுரை உடையும் இடத்துக்கு வந்ததும் அலைகளே அவனைக் கொண்டுவந்து சேர்த்தன. தம்பி மணலில் உட்கார்ந்துவிட்டான். வெகு நேரம் அவனால் எழ முடியவில்லை.

அந்த அமைதியான இடந்தான் ஆபத்தான இடம். அலைகள் ஓயாமல் நீரைக் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கின்றன அல்லவா? குவிந்த நீர் திரும்பிப் போகவேண்டும். கரைக்கு முன்னே நீருக்கடியில் இருக்கும் மணல்திட்டில் எங்கே இடைவெளி உண்டோ, அங்கே கூடி, ஓர் ஒடுங்கிய ஆறு போலக் கடலை நோக்கிப் பாய்கிறது. ஆழம் கூடிய அவ்விடத்தில் அலை உடைவதில்லை. ஆதலால் நீர் கருமையாகவும் சாந்தமாகவும் தோன்றுகிறது. இந்த இழுப்பு மனிதரைக் கீழே அமிழ்த்துவதில்லை. வெளியே கொண்டு செல்கிறது, அவ்வளவே. அதை எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதாலேயே பலர் மூழ்கிறார்கள். அகப்பட்டவர் பதறாமல் மிதக்கவேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்கவேண்டும். இயலுமாயின் பக்கவாட்டில் நீந்தி வெளியேறவேண்டும். கரையில் நிற்பவர் பின்னாலே குதிப்பதும் பெருந்தவறு. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவராக மாண்ட செய்திகளை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கயிறு, மூடிய வெற்றுக் கலன், காற்றடைத்த குழாய், எது கையில் அகப்படுகிறதோ அதை எறியுங்கள்.

கிழக்குக் கரைக்கே உரிய இன்னொரு விடயமும் உண்டு. கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. அதனால் நீர் கண்ணாடி போலக் கிடக்கும் வேளையிலும், காற்றடைத்த வளையத்தில் அமர்ந்திருக்கும் குழந்தையை அது மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு போகும். வளையத்துக்கு ஒரு கயிறு கட்டி, அக்கயிற்றை ஒரு பெரியவர் கையில் வைத்திருக்கட்டும். ஆறும் களப்பும் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களில் இறங்கவே வேண்டாம். நீரோட்டம் பொல்லாதது, சில களப்புகளில் முதலையும் உண்டு. எந்தக் கரையாயினும், இறங்குமுன் அங்குள்ள கடற்றொழிலாளர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். அந்தக் கரை அவர்களுடைய தொழிற்சாலை. கரைவலை இழுக்கும்போது குறுக்கே ஓடாமல், வடத்தைத் தாண்டாமல், ஒதுங்கி நின்றால் அவர்களும் அன்பாகச் சொல்வார்கள்.

ஆழிப்பேரலையை நினைத்து அஞ்சுவோர் உண்டு. 2004 டிசெம்பர் 26 இல் சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே அலை நமது கிழக்குக் கரையை அடைந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்குச் சொல்வார் இருக்கவில்லை. இன்று எச்சரிக்கை ஏற்பாடுகள் இருக்கின்றன. விடுதிக்குப் போன முதல் நாளே, மேட்டுநிலத்துக்குப் போகும் வழியைக் கேட்டு, பிள்ளைகளுடன் ஒருமுறை நடந்து பாருங்கள். கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலும் பொங்கினாலும் வேடிக்கை பார்க்க நிற்காமல் அவ்வழியே போய்விடவேண்டும்.

மூட்டை கட்டும்போது குடை, பருத்தித் துணிகள், குடிநீர், சில ஜீவனிப் பொட்டலங்கள் ஆகியவற்றை மறவாதீர்கள். காலை பத்து மணிக்கு முன்னும் பிற்பகல் மூன்றரைக்குப் பின்னும் கடலாடினால் வெயிலின் கொடுமை குறையும். இடைப்பட்ட நேரம் உணவுக்கும் உறக்கத்துக்கும். சேலையுடனும் சாரத்துடனும் ஆழத்தில் இறங்குவதைத் தவிருங்கள். நனைந்த துணி காலைப் பிணைக்கும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும். அவ்விலக்கத்தை எல்லோரும் மனத்தில் வைத்திருக்கட்டும். திரும்பும் நாளில் நேரம் இருந்தால், காலையில் கரைவலை கரையேறும் இடத்துக்குப் போங்கள். மடி அவிழும்போது துள்ளும் கீரியையும் சூடையையும் பார்த்துவிட்டு, மட்டக்களப்பு எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றையும் வாங்கிக்கொண்டு புகையிரதம் ஏறலாம். சட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் தட்டில் வைத்து நாங்கள் பட்ட பாடு இன்னொரு பேச்சுக்குப் போதுமானது.